எழுதும் கைக்குப் பொறுப்பு உண்டா?

பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டுக்குப் பிழைக்கச் சென்ற இளைஞன் ஒருவன், அங்கே தனக்குக் கிடைத்த முதல் வேலையில் அமர்கிறான். மொழி புதிது, சட்டம் புதிது, உண்ணும் உணவும் உறங்கும் இடமும் முதலாளி தந்தவை. அந்த முதலாளி தவறான ஒரு செயலைச் செய்யுமாறு அவனுக்குக் கட்டளையிடுகிறார். அவனும் செய்துவிடுகிறான். அச்செயலின் வினை யாரைச் சேரும்? சொன்னவரையா, செய்தவனையா? செய்தவன் வேறு வழியற்றவன் என்பதால் அவனுக்கு அதில் பங்கே இல்லை என்று கூறிவிடலாமா?

இக்கேள்வியை நாம் ஏடுகளைப் புரட்டி எழுப்பவில்லை. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் நம்மிடமே கேட்டான். அன்று நாம் தந்த விடை சரியன்று என்பதை உணர நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே, இவ்விதழின் அன்பர்கள் முன் அதனை வைத்து, அவர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

நாம் தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தோம். ஆசிரியப் பயிற்சிக்காகக் காரைக்குடிக்கு வந்து, அப்பகுதியிலேயே பணியில் அமர்ந்து, ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கிவிட்டோம். பணியில் சேர்ந்த புதிதில் நகரத்தார் இல்லம் ஒன்றின் பின்கட்டில் நமக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கத்தை அவ்வீட்டு ஆச்சி ஒருநாளும் கேலி செய்ததில்லை. பள்ளியிலிருந்து நாம் திரும்பும் நேரம் அறிந்து, அடுப்பை நமக்கு முதலில் விட்டுக்கொடுப்பார். வேற்றூரில் முதல் வேலையில் அமர்பவருக்குப் பிறர் காட்டும் இத்தகைய சிறு கருணை எவ்வளவு பெரிது என்பதை அன்று அறிந்தோம்.

அவ்வீட்டுப் பெரியவரை நாம் ஐயா என்று அழைப்போம். அவர் பதினான்கு வயதில் பர்மாவுக்குப் 'பெட்டியடிப் பைய'னாகச் சென்றவர். மாலை வேளைகளில் முகப்புத் திண்ணையில் அமர்ந்து அந்நாட்களைப் பற்றிக் கூறுவார். அயல்நாட்டில் முதல் வேலை என்பதன் இயல்பை நாம் அவரிடமே கற்றோம்.

இன்றைய இளைஞர் அறியும்பொருட்டு அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவது நலம். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டை அழித்துக் கழனியாக்கிய உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் உழவனுக்கு நேரே கடன் கொடுக்க முன்வரவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். இலங்கை, மலேயா, சிங்கப்பூர், சுமத்திரா, சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்களுடைய லேவாதேவிக் கடைகள் இருந்தன. எனினும் பர்மாவே எல்லாவற்றிலும் பெரியது. 1929-30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்கின.

அக்கடைகளில் வேலை படிப்படியாக அமைந்திருந்தது. கீழ்ப்படியில் பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அருகில் அமர்ந்து எடுபிடி வேலைகளோடு கணக்கும் பழகுபவன். அவனுக்கு மேல் அடுத்தாள். எல்லாருக்கும் மேல் மேலாள். ஊரிலிருந்து புறப்படுமுன்பே சம்பளச் சீட்டு எழுதப்படும். எந்த ஊர்க் கடை, எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்பன அதில் இருக்கும். மூன்று ஆண்டுகள் என்பது பொதுவான தவணை. சம்பளத்தின் ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுக்கப்படுவதும் உண்டு. மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பர். ஆடவர் மட்டும் கப்பலேறி, கடையிலேயே உண்டு, இரவில் தத்தம் பெட்டிகளின் அருகில் பாய் விரித்து உறங்குவர்.

அப்பையன்கள் கற்ற கல்வியை ஓர் ஆசிரியை என்ற முறையில் நாம் வியந்ததுண்டு. எண்சுவடியைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஒன்றில் 320-இல் ஒரு பங்கு முந்திரி. 160-இல் ஒரு பங்கு அரைக்காணி. 80-இல் ஒரு பங்கு காணி. இப்பின்னங்களைக் கொண்டு, நாள் தவறாமல் வளரும் வட்டியை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். ஒரு முந்திரி பிசகினாலும் இரவு கணக்கு முடியும்வரை படுக்கைக்குப் போக இயலாது. கணக்கில் காட்டப்பட்ட இந்த நேர்மையே அவர்களுக்குக் கடல் கடந்த நாடுகளிலும் நம்பிக்கையைத் தேடித் தந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறிருக்க, ஐயாவின் உள்ளத்தில் ஒரு முள் தைத்திருந்தது. அவர் சென்ற சில ஆண்டுகளிலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தது. உழவர்களால் முதலையும் கட்ட முடியவில்லை. வட்டியையும் கட்ட முடியவில்லை. அடகிலிருந்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் கடைகளின் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கே செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. நிலத்தை வாங்கும் விருப்பத்தோடு அவர்கள் பர்மாவுக்குச் செல்லவில்லை. அவர்கள் வேண்டியது பணமேயன்றி மண் அன்று. ஆயினும் மண் அவர்கள் கைக்கு வந்தது. நிலம் இழந்தவனுக்கு இந்த வேறுபாடு எப்படிப் புரியும்?

ஐயா கூறியதை நினைவிலிருந்து எழுதுகிறோம்: "எங்கள் கடைக்குப் பர்மிய உழவர் ஒருவர் வருவார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வருவார். அவர் மகனுக்கும் என் வயது. ஒருநாள் அவர் கணக்கை முடித்து, அவர் நிலத்தைக் கடைக் கணக்கில் வரவு வைக்கச் சொன்னார் மேலாள். நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேலாள் பாராட்டினார். அந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதையே பார்த்துக் கொண்டிருந்தார்."

பின் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலைகளைக் கடந்து கால்நடையாகவே திரும்பினர். வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. 1960-களில் எஞ்சிய வாணிகமும் அரசுடைமையாயிற்று. ஐயாவும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவரே. ஆனால் தாம் இழந்ததைப் பற்றி அவர் பேசி நாம் கேட்டதில்லை. எழுதிய அந்த ஒரு வரியைப் பற்றியே பேசினார். "சட்டப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை, டீச்சர். கணக்கும் சரி. ஆனாலும் எழுதியது என் கை" என்பார். நாம் அப்போது இளையோம். அவருடைய துயரத்தின் பொருள் நமக்கு விளங்கவில்லை.

இங்கே ஒன்றைக் கூறிவிட வேண்டும். ஒரு சமுதாயத்தைக் குறைகூறும் நோக்கம் நமக்கு இல்லை. நாம் உண்ட சோறும் பெற்ற கல்வியும் அம்மண்ணைச் சேர்ந்தவை. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909-1957) காரைக்குடியில் எழுப்பிய கல்விக்கூடங்கள் இல்லையேல், நம்மைப் போன்ற எத்தனையோ பெண்கள் ஆசிரியப் பயிற்சியே பெற்றிருக்க மாட்டோம். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் அவ்வூரில் திறக்கப்பட்டது. அயல்நாட்டில் ஈட்டிய பொருள் அறத்துக்கும் பயன்பட்டது என்பதற்குச் செட்டிநாடு முழுவதும் சான்றுகள் உள்ளன. ஈட்டியவர் என்ன செய்தார் என்பது ஒரு கேள்வி. ஈட்டும் இடத்தில் எழுதிய கைக்கு என்ன பொறுப்பு என்பது வேறொரு கேள்வி. நாம் இரண்டாவதையே ஆராய்கிறோம்.

இனி நம் மாணவனுக்கு வருவோம். அவன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். 2003-ஆம் ஆண்டில் வெளிநாடு ஒன்றில் கட்டட வேலை நடைபெறும் இடத்தில், தொழிலாளர் வருகையைக் குறிக்கும் டைம்கீப்பர் வேலை அவனுக்குக் கிடைத்தது. தாயின் நகைகளை விற்றும், வீட்டை அடகு வைத்தும், ஏஜெண்டுக்குப் பணம் கட்டிச் சென்றான். சென்ற இரண்டாம் வாரத்திலேயே நமக்குக் கடிதம் எழுதினான்.

கடிதத்தின் சாரம் இதுதான். தொழிலாளர்கள் மிகைநேரம் உழைத்த மணிகளில், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணியைக் குறைத்து எழுதுமாறு மேலாளர் கூறியிருக்கிறார். தொழிலாளர்களில் பலர் அந்நாட்டு மொழி அறியாதவர்கள். வங்கதேசத்தவரும் உண்டு, நம் தமிழரும் உண்டு. அவர்கள் மாத இறுதியில் கைந்நாட்டோ கையெழுத்தோ இட்டுச் சம்பளம் வாங்கிச் செல்கின்றனர். "நான் எழுதாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு போய்விடும். எழுதினால் உறக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும், டீச்சர்?" என்று கேட்டிருந்தான்.

நாம் மறுமொழி எழுதினோம். "தம்பி, முதலில் காலூன்றிக் கொள். கடனை அடை. உனக்கென்று ஓர் இடம் வந்தபிறகு நியாயம் பேசலாம்" என்று அறிவுரை கூறினோம். அவன் தாயின் முகம் நம் கண்முன் நின்றது. அந்த இரக்கத்தில் எழுதினோம். எழுதி அஞ்சலில் சேர்த்த பிறகு, நல்லதையே சொன்னோம் என்ற நிறைவும் நமக்கு இருந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து அவன் விடுமுறையில் வந்தான். வீடு மீண்டிருந்தது, தங்கைக்குத் திருமணமும் முடிந்திருந்தது. அவனே இப்போது அந்த இடத்தில் மேற்பார்வையாளன். பேச்சின் நடுவே, சென்ற ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து ஒரு பையன் டைம்கீப்பராக வந்ததையும், அவனும் இதே மணிக்கணக்கைக் கண்டு கலங்கியதையும் கூறினான். "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டோம். "நீங்கள் எனக்குச் சொன்னதைத்தான் டீச்சர், நானும் அவனுக்குச் சொன்னேன். முதலில் காலூன்றிக் கொள் என்றேன்" என்றான். அவன் நம்மைக் குற்றம் சாட்டவில்லை, நன்றியோடுதான் கூறினான். அன்று இரவு உறக்கம் வராதது நமக்கு.

அப்போதுதான் ஐயாவின் துயரம் விளங்கிற்று. அன்று முதல் இக்கேள்வியைப் பல கோணங்களில் எண்ணிப் பார்க்கிறோம்.

முதலாவது வாதம், 'அவன் ஏவலன். ஏவியவனே பொறுப்பு' என்பது. நம் அறநூல்கள் இதனை ஏற்பதில்லை. ஒரு செயலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்று வாயில்களிலும் வினை வந்து சேரும் என்று அவை கூறுகின்றன. ஏவியவர் இரண்டாம் வாயிலில் நிற்கிறார் என்பதால், முதல் வாயிலில் நிற்பவன் விடுபட்டுவிட மாட்டான். பொறுப்பு என்பது ஒரு ரொட்டியைப் போல் ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும் பொருள் அன்று. அது ஒரு விளக்கின் சுடரைப் போன்றது. எத்தனை திரிகளில் ஏற்றினாலும் ஒவ்வொன்றும் முழுமையாகவே எரியும்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தாரின் விரதங்களுக்கு நேரும் மாசுகளைப் பட்டியலிடுகிறது. களவாமை விரதத்தின் மாசுகளில், குறைத்தும் கூட்டியும் அளத்தல் ஒன்று. நாழியும் துலாக்கோலும் மட்டுமே அளவை என்று நாம் எண்ணியிருந்தோம். உழைத்த மணியும் ஓர் அளவையே. அதைக் குறைத்து எழுதுபவன், படியின் அடியில் மெழுகு ஒட்டியவனுக்கு ஒப்பானவன். வாய்மை விரதத்தின் மாசுகளில் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாக எழுதுதல். நம் மாணவன் செய்தது இது. ஆனால் அதே பட்டியலில் முதலாவதாக நிற்பது மித்யோபதேசம், அதாவது தவறான அறிவுரை. அது நாம் செய்தது. மாணவனின் மாசுக்கு முன்பாக ஆசிரியையின் மாசு வைக்கப்பட்டிருப்பதை, எழுபது வயதைக் கடந்த பின்னரே நாம் கவனித்தோம்.

இரண்டாவது வாதம், 'நான் மறுத்தால் இன்னொருவன் செய்யப் போகிறான். தொழிலாளிக்கு என்ன நன்மை?' என்பது. இது பார்வைக்கு வலிமை உடையது. ஆயின் இந்த வாதத்தை அந்த 'இன்னொருவ'னும் கூறலாம்; அவனுக்கு அடுத்தவனும் கூறலாம். எல்லாரும் கூறியபின், செயல் நிகழ்ந்திருக்கும். செய்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். தொழிலாளியின் ஒரு மணி நேரக் கூலி மட்டும் காணாமல் போயிருக்கும். செய்பவர் இல்லாமல் ஒரு செயல் நிகழ்வதாக முடியும் வாதம் எங்கோ பிழைபட்டிருக்க வேண்டும் அன்றோ?

மூன்றாவது வாதமே கடினமானது. 'அவனுக்கு வேறு வழி இல்லை. அயல்நாட்டில் அவனுக்கு உறவும் இல்லை, உரிமையும் இல்லை. நெருப்பில் குதி என்று அவனிடம் கூற நமக்கு என்ன தகுதி?' இதில் உண்மை உண்டு. வினையின் வலிமை, உள்ளத்தின் கடுமைக்கு ஏற்பவே அமையும். பேராசையால் ஏவியவருக்கும், அச்சத்தால் எழுதியவனுக்கும் வினைக்கட்டு ஒரே அளவினது அன்று. மேலும், துறவியர்க்கு மகாவிரதம் என்றும் இல்லறத்தார்க்கு அணுவிரதம் என்றும் பெரியோர் வகுத்தது, மனிதனின் ஆற்றலை அறிந்தே. ஆற்றலுக்கு மீறியதைக் கேட்பது அறமாகாது. ஆனால் அணுவிரதம் என்பது அளவில் சிறிய விரதமேயன்றி, விரதமே இல்லாத நிலை அன்று. நாம் நம் மாணவனுக்கு அணுவளவையும் வைக்காமல் அறம் முழுவதையும் தள்ளிப்போடச் சொன்னோம். 'பிறகு' என்ற ஒரு சொல்லில் அதை அடைத்து வைத்தோம். அச்சம் ஓராண்டில் தணிந்துவிட்டது. பழக்கம் அதன் இடத்தில் அமர்ந்துகொண்டது. உறக்கம் வராத இரவுகளும் நின்றுவிட்டன. அதுவே நாம் அவனுக்குச் செய்த பெரிய தீங்கு.

அப்படியாயின் வேறு என்ன கூறியிருக்கலாம்? இவ்வளவு காலம் எண்ணியதில் நமக்குத் தெளிந்த சிலவற்றைக் கூறுகிறோம்.

தொழிலாளி ஒருவனிடமேனும், 'உன் வேலை மணிகளை நீயே ஒரு தாளில் நாள்தோறும் குறித்து வை' என்று சொல்லியிருக்கலாம். உண்மையான மணிகளைத் தானும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கலாம். பின்னாளில் வழக்கோ விசாரணையோ வந்தால் அவையே ஏழைக்குச் சாட்சி. மேலாளரிடம் ஒருமுறையேனும், பணிவாக, தனியாக, 'இது வேண்டாம் ஐயா' என்று கூறியிருக்கலாம். கேட்காவிட்டால், எப்போது வேறு இடம் தேடுவது என்பதற்கு ஒரு நாள் குறித்திருக்கலாம். 'பிறகு' என்பதற்குத் தேதி இட்டால் அது விரதம், இடாவிட்டால் அது சாக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து வரும் புதியவனுக்கு அதைக் கற்பிப்பதில்லை என்று உறுதி கொண்டிருக்கலாம். தான் செய்வதை உடனே நிறுத்த இயலாதவனும், தன்னோடு அது நிற்கட்டும் என்று முடிவு செய்யலாம். இவற்றில் எதுவும் நெருப்பில் குதிப்பது அன்று.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், அவனுடைய கையைக் கட்டியது அந்த மேலாளர் மட்டும் அல்லர் என்பது புலனாகும். அவனைக் கட்டியது கடன். கடன் எங்கே வாங்கப்பட்டது? நம் ஊரில். யாருக்காக? ஏஜெண்டின் கட்டணத்துக்காக, தங்கையின் சீர்வரிசைக்காக, பிள்ளை வெளிநாடு போனான் என்று கட்டவேண்டிய மாடிக்காக. 'வேண்டாம் ஐயா' என்று ஒருவன் சொல்லும் துணிவு அந்நிய நாட்டில் பிறப்பதில்லை. அவன் விட்டுவந்த வீட்டில் அது பிறக்கவேண்டும். வீட்டார் அவன் தலையில் ஏற்றும் ஒவ்வொரு சுமையும், அவன் மறுக்கும் உரிமையிலிருந்து ஒரு பங்கை விற்றுவிடுகிறது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நாம் நம்முடைய ஆன்ம நலனுக்கு உரியதாக மட்டுமே எண்ணிவிட்டோம். வீட்டில் இருப்போர் அவ்விரதத்தைக் காத்தால்தான், வெளியே சென்றவன் வாய்மையையும் களவாமையையும் காக்க இயலும். ஐந்து விரதங்களும் ஒரே மனிதரிடம் மட்டும் இருந்தால் போதாது. ஒரு குடும்பமே அவற்றைப் பகிர்ந்து சுமக்கவேண்டும்.

சட்டத்தின் துணையும் சிறிது உண்டு. 1983-இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெறாத ஏஜெண்டுகள் அயல்நாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதைத் தடை செய்தது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம் என்று விதி வரையறுத்தது. குடிபெயர்வோரின் நலன் காக்க அமைந்த பாதுகாவலர் அலுவலகம் ஒன்று சென்னையில் உண்டு. அயலகத் தமிழர் நலனுக்கென மாநில அரசில் தனித்துறையும் உண்டு. அப்படியிருந்தும் இலட்சங்களைக் கொட்டிக் கொடுப்போரைக் காண்கிறோம். இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று, அங்கே இறங்கியதும் நீட்டப்படும் ஒப்பந்தம் வேறொன்று என்பதும் பலர் கண்ட அனுபவம். பழைய சம்பளச் சீட்டில் ஊரும் தவணையும் சம்பளமும் புறப்படுமுன்பே எழுதப்பட்டு வீட்டாருக்கும் தெரிந்திருந்தன. இன்று செல்வோரும் ஒப்பந்தத்தின் ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்லட்டும். கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்வதைப் பல நாடுகளின் சட்டமே தடுக்கிறது என்பதையும் அறிந்து செல்லட்டும்.

சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம், 1938-இல், பதினெட்டாம் வயதில், சுமத்திராவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றார். போர்க்காலத்தை அங்கே கழித்து 1946-இல் திரும்பியவர், பிற்காலத்தில் மதுரையில் நாளிதழ்ப் பணியில் இருந்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் இரு புதினங்களை எழுதினார். கடைகளில் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் வாழ்ந்த இளைஞர்களின் வாழ்வு அவற்றால் நமக்கு நிலைபெற்றது. அந்த இளைஞர்கள் என்ன உண்டனர், எவ்வாறு கணக்கெழுதினர், எவ்வளவு தனித்திருந்தனர் என்பது பதிவாகியிருப்பது நம் நற்பேறு. ஆனால் அப்படி எழுதுகோல் கிடைத்தவர் ஆயிரத்தில் ஒருவரே. மற்றவர்கள் தம் உறக்கமற்ற இரவுகளை யாரிடமும் கூறாமலேயே மறைந்தனர். யாரேனும் ஒருவரிடம் கூறினால், அந்த ஒருவர் சரியான விடை சொல்லவேண்டும் என்பதே நம் கவலை.

சென்ற ஆண்டு, செவிலியர் படிப்பு முடித்த பெண் ஒருத்தி வெளிநாட்டு மருத்துவமனையில் முதல் வேலையில் சேரும் முன் நம்மிடம் ஆசி பெற வந்தாள். நம் பழைய மாணவியின் மகள். தந்தையும் உடன் வந்திருந்தார். "எவ்வளவு கடன்?" என்று நாம் முதலில் கேட்டது அவருக்கு வியப்பாக இருந்திருக்கும். தொகையைச் சொன்னார். அதற்கு மேல் அவள் பெயரில் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்றும், வேண்டாத வேலை என்று அவள் திரும்பி வந்தால் ஏன் என்று கேட்பதில்லை என்றும் நமக்கு வாக்குத் தரவேண்டும் என்றோம். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "சரிங்கம்மா" என்றார். அவர் தயங்கியது நமக்கு மகிழ்ச்சியே. தயங்காமல் தரும் வாக்கில் நமக்கு நம்பிக்கை குறைவு.

பிறகு அந்தப் பெண்ணிடம் இவ்வளவே கூறினோம்: "மகளே, அங்கே நீ எழுதப்போகும் மருந்துக் குறிப்பும் வெப்பநிலையும் நேரமும் ஒரு நோயாளியின் உயிர். செய்யாததைச் செய்ததாக எழுதச் சொன்னால், எழுதுமுன் ஒருமுறை நிறுத்து. மறுக்க முடிந்தால் மறு. முடியாவிட்டால் உண்மையை வேறு ஓரிடத்தில் எழுதி வை, எங்களுக்கும் சொல். காலூன்றியபிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதே. எந்த இடத்தில் ஊன்றுகிறாயோ, அந்த இடமாகவே கால் ஆகிவிடும்."

நம் பழைய மாணவனுக்கும் நாம் மீண்டும் ஒரு கடிதம் எழுதினோம். அன்று கூறியது தவறு என்றும், அதில் நமக்கும் பங்கு உண்டு என்றும் எழுதினோம். மறுமொழி வர ஐந்து மாதங்கள் ஆயின. அதில் நம் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டு நலம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை எழுதி, முடிவில், தன் கீழ்ப் பணியாற்றும் பையனிடம் இனி மணிகளை உள்ளபடியே எழுதச் சொல்லியிருப்பதாகவும், மேலிடத்தில் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் ஒரு வரி எழுதியிருந்தான். மேலிடத்தில் கேட்டார்களா, அவன் என்ன பதில் சொன்னான் என்பதைப் பற்றி அதன்பின் அவன் ஏதும் எழுதவில்லை.

ஐயா இன்று இல்லை. இருந்திருந்தால் அந்த வரியை அவரிடம் படித்துக் காட்டியிருப்போம். எழுதும் கைக்குப் பொறுப்பு உண்டு; எழுதலாம் என்று சொல்லும் வாய்க்கும், எழுதித்தான் ஆகவேண்டும் என்ற நிலைக்குப் பிள்ளையைத் தள்ளும் வீட்டுக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாடு செல்லும் பிள்ளைகளை வாழ்த்தி அனுப்பும் அன்பர்கள் ஒவ்வொருவரும், அவர்களுடைய பெட்டியில் என்னென்ன வைத்தோம் என்று எண்ணும்போது, 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையையும் வைத்தோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.